எங்கள் முன்பணத்தில் கதவைப் பூட்டாதீர்கள்

பெறுநர்:
என்.எஃப்.எல். அணிகளின் உரிமையாளர்கள்
என்.எஃப்.எல். ஆட்டக்காரர் சங்கத்தின் நிர்வாகிகள்

மதிப்பிற்குரியோரே,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் ஊதியத்துக்கும் வேலை நிபந்தனைகளுக்கும் நீங்கள் இரு தரப்பும் 2020 மார்ச்சில் ஒப்புக்கொண்ட கூட்டு ஒப்பந்தம் 2030 சீசனோடு முடிகிறது. 2031 மார்ச்சில் காலாவதியாகும். இப்போதே எதற்கு மடல் என்று உங்களுக்குத் தோன்றலாம். அவசரம் இருக்கிறது. 2011-இல் நான்கரை மாதம் நீடித்த கதவடைப்பு அந்த வருடம் மார்ச் 12-ஆம் தேதி பிறந்ததல்ல. அதற்கு முன்பே, டி.வி. ஒப்பந்தங்களைத் திருத்தி எழுதியபோதே, அந்தப் பயணத்துக்கான கட்டுச்சோறு கட்டியாகிவிட்டது. இப்போது மறுபடியும் டி.வி. ஒப்பந்தங்கள் பேச்சுக்கு வரப்போகின்றன. அவற்றில் ஒரு நிபந்தனை சேர வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் சீசன் டிக்கெட் எடுத்து இந்த ஆட்டத்தைப் பார்க்கிற, அமெரிக்காவில் வாழும் தமிழ் ரசிகர்கள். தமிழ் வாசகருக்கு ஒரு வார்த்தை: தொழிலாளி வேலையை நிறுத்தினால் வேலைநிறுத்தம், முதலாளி வாசலைப் பூட்டினால் கதவடைப்பு. ஆலை வாசலில் கேட்டுப் பழகிய அதே சொல்தான். 1982-இலும் 1987-இலும் இந்த லீக்கில் நடந்தவை வேலைநிறுத்தங்கள். 1982-இல் 57 நாள் ஆட்டம் நின்று, 16 ஆட்டங்கள் நடக்க வேண்டிய சீசன் 9 ஆட்டங்களாகச் சுருங்கியது. 1987-இல் 24 நாள். ஒரு வாரம் ரத்தாகி, மூன்று வாரம் மாற்று ஆட்களை வைத்து ஆட்டம் நடந்தது. 2011-இல் நடந்தது கதவடைப்பு. ஆட்டக்காரர்கள் ஆடத் தயாராக நின்றார்கள், பூட்டியது நிர்வாகம்.

எதற்காகப் பூட்டினார்கள்? 2006-இல் போட்ட ஒப்பந்தத்தை 30-க்கு 2 என்று வாக்களித்து ஏற்ற உரிமையாளர்கள், இரண்டே வருடத்தில், 2008 மே மாதம், அதிலிருந்து முன்கூட்டியே விலகுவதாக ஒருமனதாக அறிவித்தார்கள். அப்போது லீக்கின் ஆண்டு வருமானம் சுமார் 900 கோடி டாலர். அதில் 100 கோடிக்கு மேல் செலவுக் கழிவாக முதலில் எடுத்துக்கொண்டு, மீதியில் ஏறக்குறைய 60 சதவீதம் ஆட்டக்காரர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் 100 கோடியைக் கழிவில் சேர்க்க வேண்டும் என்பது உரிமையாளர் கோரிக்கை. கூடவே 16 ஆட்டத்தை 18 ஆக்குவது, புதுமுகங்களின் சம்பளத்துக்கு வரம்பு வைப்பது. நட்டக் கணக்கைக் காட்டுங்கள், பத்து வருடத் தணிக்கைக் கணக்கைக் கொடுங்கள் என்றது சங்கம். அது கிடைக்கவில்லை. பங்குதாரர்கள் சொந்தமாக வைத்திருக்கும் கிரீன் பே பேக்கர்ஸ் அணி மட்டும் ஆண்டுதோறும் கணக்கை வெளியிடும். 2010 மார்ச்சில் முடிந்த ஆண்டில் அதன் இயக்க லாபம் 2 கோடியே 1 லட்சம் டாலரிலிருந்து 98 லட்சமாகக் குறைந்திருந்தது. 32 அணிகளில் ஒன்றின் கணக்கை வைத்துக்கொண்டு இரு தரப்பும் வாதாடின.

இது பங்குச் சண்டை. அதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்ல நாங்கள் வரவில்லை. எங்கள் முறையீடு வேறு. பூட்டுப் போட்டவர்களால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடிந்தது, அந்தத் தெம்பு யார் பணத்திலிருந்து வந்தது என்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

முதல் ஊற்று டி.வி. பணம். 2009, 2010-இல் ஒளிபரப்பு நிறுவனங்களோடு லீக் ஒப்பந்தங்களைத் திருத்தியது. ஒரு ஆட்டம்கூட நடக்காவிட்டாலும் 2011-இல் சுமார் 400 கோடி டாலர் லீக் கைக்கு வரும்படி அவை எழுதப்பட்டன. அதில் ஒரு பகுதியைப் பின்னால் திருப்பித் தர வேண்டியிருக்கும் என்பது உண்மை. ஆனால் கதவடைப்பு நடக்கும் மாதங்களில் கையில் ரொக்கம் இருக்கும். சங்கம் வழக்குப் போட்டது. 2011 பிப்ரவரி 1-ஆம் தேதி சிறப்பு நடுவர் ஸ்டீபன் பர்பாங்க் பெரும்பாலும் லீக்குக்குச் சாதகமாகச் சொன்னார். ஒரே மாதத்தில், மார்ச் 1-ஆம் தேதி, மினசோட்டா நீதிபதி டேவிட் டோட்டி அதை மாற்றினார். இரு தரப்புக்கும் சேர்த்து அதிக வருமானம் ஈட்ட முயல வேண்டிய கடமை லீக்குக்கு இருந்தது. அதை விட்டுவிட்டுத் தன் பேரத்துக்கு அரணாக அந்த ஒப்பந்தங்களை எழுதிக்கொண்டது என்பது அவர் தீர்ப்பின் சாரம். அந்தத் தீர்ப்பு வந்த பத்தாம் நாள் பேச்சு முறிந்தது.

இன்றைய நிலை என்ன? 2021-இல் அறிவித்த டி.வி. ஒப்பந்தங்கள் 2023 முதல் 2033 வரை, மொத்தம் 11,000 கோடி டாலருக்கு மேல். பெரும்பாலானவற்றில் 2029 சீசனுக்குப் பிறகு விலகும் உரிமை லீக்குக்கு உண்டு. அதற்கும் முன்பே பேச்சைத் தொடங்கலாம் என்று கமிஷனர் ரோஜர் குட்டெல் சொல்லியிருக்கிறார். அதாவது, கூட்டு ஒப்பந்தம் முடிவதற்குச் சற்று முன்னால் டி.வி. ஒப்பந்தங்கள் புதிதாக எழுதப்படும். 2009-இல் இருந்த அதே வரிசை. அதனால் எங்கள் முதல் கோரிக்கை: கதவடைப்பால் நடக்காத ஆட்டத்துக்கு ஒளிபரப்பாளர் ஒரு டாலரும் முன்கூட்டித் தர வேண்டியதில்லை என்ற நிபந்தனை ஒவ்வொரு புதிய ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும். பின்னால் கழித்துக்கொள்ளலாம், கடனாக வைத்துக்கொள்ளலாம் என்ற வாசகங்கள் வேண்டாம். அப்படி எழுதினால் அது மறுபடியும் கட்டுச்சோறுதான். சங்கத்துக்கும் சொல்கிறோம்: ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே இதைக் கேளுங்கள். கையெழுத்தான பிறகு நீதிமன்றத்துக்குப் போவது 2011-இல் வேலைக்கு ஆனது. அந்த வழக்குக்கு அடிப்படையாக இருந்த பழைய நீதிமன்ற உடன்பாடு இப்போது இல்லை.

இரண்டாவது ஊற்று எங்கள் சட்டைப்பை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேச்சு மேசையில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

சீசன் டிக்கெட்டுக்கான பில் வழக்கமாகச் சீசன் முடிந்த கையோடு, பிப்ரவரி மார்ச் வாக்கில் வரும். ஆட்டம் தொடங்குவதோ செப்டம்பரில். 17 ஆட்டச் சீசன் வந்த பிறகு ஒரு அணிக்குச் சொந்த மைதானத்தில் 8 அல்லது 9 ஆட்டம், அதோடு 2 அல்லது 1 பயிற்சி ஆட்டம், ஆக 10 டிக்கெட். பயிற்சி ஆட்டத்தில் முன்னணி ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் ஓரத்தில்தான் நிற்பார்கள், ஆனாலும் அதையும் சேர்த்துத்தான் கட்ட வேண்டும். ஒரு கணக்குக்கு, ஆட்டத்துக்கு 120 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு இருக்கைக்கு 1,200. அப்படி 65,000 இருக்கை என்றால் ஒரே அணியிடம் 7 கோடியே 80 லட்சம் டாலர், முதல் பந்து உதைக்கப்படுவதற்குப் பல மாதம் முன்பே சேர ஆரம்பித்துவிடும். தவணை முறையிலும் பெரும்பகுதி கோடைக்குள் போய்விடும்.

கதவைப் பூட்டியிருக்கும்போது பணம் கட்டாமல் இருந்தால் என்ன என்று வெளியில் இருப்பவர் கேட்பார். கட்டாமல் இருக்க முடியாது. காரணம், இருக்கை உரிமம். பல மைதானங்களில் டிக்கெட் வாங்குவதற்கே முதலில் ஒரு உரிமத்தை விலை கொடுத்து வாங்க வேண்டும். 2010-இல் நியூஜெர்ஸியில் திறந்த புதிய மைதானத்தில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி ஓர் இருக்கைக்கு 1,000 முதல் 20,000 டாலர் வரை உரிமக் கட்டணம் வாங்கியது. அந்தப் பணம் டிக்கெட் விலை ஆகாது. டிக்கெட் வாங்கும் உரிமைக்கு மட்டும். ஒரு வருடம் பில்லைக் கட்டத் தவறினால் உரிமமே பறிபோகும் என்பதுதான் வழக்கமான நிபந்தனை. அந்த மைதானத்துக்கு உரிமம் வாங்கியவர்கள் ஒரே ஒரு சீசன் பார்த்திருந்தார்கள். அடுத்த பில் கதவடைப்பு நேரத்தில் வந்தது. 20,000 டாலரை இழப்பதா, இன்னும் சில ஆயிரம் கட்டுவதா? எவரும் கட்டத்தான் செய்வார்கள். அந்தப் பணம் பூட்டைப் பிடித்திருக்கும் கைக்கே போகிறது.

கிரெடிட் கார்டில் கட்டினால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களும் உண்டு. கிடைக்காத பொருளுக்கும் சேவைக்கும் எதிர்ப்புத் தெரிவிக்க அமெரிக்கச் சட்டம் தரும் காலம், அந்தத் தொகை இடம்பெற்ற முதல் பில் அனுப்பிய நாளிலிருந்து 60 நாள். மார்ச்சில் கட்டிவிட்டு, செப்டம்பரில் ஆட்டம் ரத்தானால் அந்தக் காலம் எப்போதோ தாண்டியிருக்கும். சில கார்டு நிறுவனங்கள் தாமாகக் கூடுதல் காலம் தரலாம்; அது அவர்கள் தயவு. பணத்தைத் திருப்பித் தரும் விதியும் 2011-இல் அணிக்கு அணி வேறாக இருந்தது. ரசிகர் அதைத் தேடிப் படித்து, கேட்டு, காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே எங்கள் இரண்டாவது கோரிக்கையைத் தெளிவாக வைக்கிறோம். கூட்டு ஒப்பந்தம் காலாவதியாகும் வருடத்தில், புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை, சீசன் டிக்கெட் பணம் அணியின் கணக்குக்குப் போகக் கூடாது. மூன்றாம் தரப்பு வங்கியில் தனிக் கணக்கில் இருக்கட்டும். அதன் வட்டி ரசிகருக்குச் சேரட்டும். ஆட்டம் ரத்தானால் ரசிகர் விண்ணப்பம் போடாமலே 30 நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். டிக்கெட் விலையோடு சேவைக் கட்டணமும் வாகன நிறுத்த அனுமதிச் சீட்டின் விலையும் அதில் அடங்க வேண்டும். அடுத்த வருடக் கணக்கில் வரவு வைப்பது ரசிகர் கேட்டால் மட்டும். கதவடைப்பு நடக்கும் நாள்களில் இருக்கை உரிமத்தின் கெடு ஓடக் கூடாது. இதற்கெல்லாம் கூட்டு ஒப்பந்தம் தேவையே இல்லை. ஒவ்வொரு அணியும் தன் டிக்கெட் ஒப்பந்தத்தில் ஒரு பத்தியைச் சேர்த்தால் போதும்.

2011-இன் நாள்கணக்கைத் திரும்பிப் பாருங்கள். மார்ச் 3-இல் முடிய வேண்டிய ஒப்பந்தத்துக்கு, மத்திய சமரச அமைப்பின் தலைவர் ஜார்ஜ் கோஹன் முன்னிலையில் பேச்சு தொடங்கிய நாள் பிப்ரவரி 18. பதின்மூன்று நாள்தான் இடைவெளி. முதலில் ஒரு நாள், பிறகு ஒரு வாரம் என்று கெடுவை நீட்டிப் பார்த்தார்கள். மார்ச் 11 மாலை சங்கம் தன்னைக் கலைத்துக்கொண்டது. ஆட்டக்காரர்கள் டாம் பிரேடி, பெய்ட்டன் மானிங், ட்ரூ ப்ரீஸ் உள்ளிட்ட பத்துப் பேர் ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டார்கள். நள்ளிரவில் கதவு அடைபட்டது.

சங்கம் ஏன் கலைந்தது என்பது பலருக்குப் புரியாத இடம். சங்கம் இருக்கும்வரை தகராறு தொழிலாளர் சட்டத்துக்குள் வரும். ஏகபோகத் தடைச் சட்டத்தை எடுக்க முடியாது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அதனால் சங்கத்தைக் கலைத்துவிட்டு வழக்கு. ஏப்ரல் 25-ஆம் தேதி நீதிபதி சூசன் நெல்சன் கதவடைப்புக்குத் தடை விதித்தார். 29-ஆம் தேதி காலை பயிற்சிக் கூடங்கள் திறந்தன. ஆட்டக்காரர்கள் உள்ளே போனார்கள், சிலர் ஆட்டத் திட்டப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்கள். அன்று மாலையே எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் உத்தரவை இடைக்காலமாக நிறுத்திவைக்க, கதவு மறுபடி மூடியது. ஜூலை 8-இல் இறுதித் தீர்ப்பு: 1932-ஆம் வருடத்து நாரிஸ்-லகார்டியா சட்டப்படி, தொழில் தகராறில் இப்படித் தடை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. 2-க்கு 1. சங்கத்தைக் கலைத்தாலும் கதவு திறக்காது என்பது அந்த நீதிமன்ற எல்லைக்குள் இப்போது உறுதி. சங்க நிர்வாகிகள் இதை உறுப்பினர்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நீதிமன்றம் காப்பாற்றும் என்று நம்பி 2031-க்குள் போக வேண்டாம்.

பூட்டிய மாதங்களில் உள்ளே என்ன நடந்தது என்பதும் நினைவில் இருக்கட்டும். காயம்பட்டவர் அணியின் மருத்துவரைப் பார்க்கக் கூடாது. பயிற்சியாளர் ஆட்டக்காரரோடு பேசக் கூடாது. மருத்துவக் காப்பீட்டைச் சொந்தக் காசில் நீட்டிக்க வேண்டும். ஏப்ரல் இறுதியில் வீரர் தேர்வு நடந்தது, ஆனால் தேர்வில் பெயர் வராத இளைஞர்கள், வழக்கமாக அன்றே ஏதாவது ஒரு அணியில் கையெழுத்துப் போடுகிறவர்கள், ஜூலை கடைசிவரை வேலை இல்லாமல் காத்திருந்தார்கள். பல அணிகள் பயிற்சியாளர்கள், அலுவலக ஊழியர்களின் சம்பளத்தை வெட்டின.

தீர்வு எப்போது வந்தது? ஜூலை 21-இல் உரிமையாளர்கள் வாக்களித்தார்கள், 25-இல் ஆட்டக்காரர் பிரதிநிதிகள் ஏற்றார்கள். ஆகஸ்டில் பயிற்சி ஆட்டங்களின் டிக்கெட் பணம் கையைவிட்டுப் போகவிருந்த வாரம் அது. ஆகஸ்ட் 7-இல் நடக்கவிருந்த பேர்ஸ்–ராம்ஸ் அணிகளின் பயிற்சி ஆட்டம் ஒன்று மட்டும் ரத்தானது. அதுவரை நான்கு மாதம் நகராத பேச்சு, பணம் நிற்கப்போகிற நேரத்தில் நகர்ந்தது. முன்பணமும் டி.வி. பணமும் மார்ச்சிலேயே நின்றிருந்தால் மார்ச்சிலேயே நகர்ந்திருக்கும் என்று நாங்கள் நம்புவதற்கு இதுவே காரணம்.

அவசரமாகத் திறந்த கதவுக்கு உடம்புகள் விலை கொடுத்தன. ஒப்பந்தம் ஆன சில நாளிலேயே பயிற்சி முகாம்கள் தொடங்கின. முதல் 12 நாளில் பத்து ஆட்டக்காரர்களுக்குக் குதிகால் தசைநாண் காயம். அடுத்த 17 நாளில் இன்னும் இருவருக்கு. மாதக்கணக்கில் அணியின் உடற்பயிற்சியாளர் கண்ணில் படாத கால்கள், எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் ஓடித் திரும்பினால் இதுதான் நடக்கும். அடுத்த முறை எவ்வளவு தாமதமானாலும், கையெழுத்துக்கும் முழுக் கவச உடைப் பயிற்சிக்கும் இடையே மூன்று வாரமாவது படிப்படியான தயாரிப்பு வேண்டும். அதற்காகச் சீசனில் ஒரு வாரம் குறைந்தாலும் சரி, நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம். காலொடிந்த ஆட்டத்தைவிட அது மேல்.

ஒப்பந்தம் இல்லாமல் ஆட முடியாது என்று யாராவது சொன்னால் உங்கள் வரலாற்றையே காட்டுகிறோம். 1987 வேலைநிறுத்தம் முடிந்து ஆட்டக்காரர்கள் திரும்பியபோது புதிய ஒப்பந்தம் இல்லை. 1993 வரை இல்லை. அத்தனை சீசனும் ஆட்டம் நடந்தது, சண்டை நீதிமன்றத்தில் நடந்தது. அதனால் மூன்றாவது கோரிக்கை: பேச்சை 2029 செப்டம்பரிலேயே, நடுநிலையான ஒரு சமரசரை முதல் நாளிலிருந்தே உட்காரவைத்துத் தொடங்குங்கள். 2031 மார்ச்சில் முடியாவிட்டால் பழைய நிபந்தனைகளின்படியே ஒரு சீசன் ஆடுவோம் என்று இரு தரப்பும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு சீசனுக்குக் கதவடைப்பும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை.

ஆட்டக்காரர் அல்லாதவரைப் பூட்டினாலும் ஆட்டம் கெடும் என்பதை 2012 காட்டியது. ஓய்வூதியத் தகராறில் நடுவர்களை வெளியே நிறுத்தி, மாற்று நடுவர்களோடு சீசன் தொடங்கியது. மூன்றாவது வாரம், செப்டம்பர் 24, திங்கள் இரவு, சியாட்டில். பேக்கர்ஸ் 12-க்கு 7 முன்னிலை. கடைசி எறிதல். சியாட்டிலின் ரசல் வில்சன் எறிந்த பந்துக்காக எண்ட் ஸோனில், அதாவது புள்ளி எடுக்கும் கடைசிப் பகுதியில், ஒரு கும்பல் எம்பியது. எம்பும் முன்பே சியாட்டிலின் கோல்டன் டேட் எதிரணிக்காரரை இரண்டு கையாலும் தள்ளிவிட்டார். பந்தை மார்போடு அணைத்தவர் பேக்கர்ஸின் ஜென்னிங்ஸ். டேட்டின் கையும் அதில் இருந்தது. பக்கத்தில் ஓடிவந்த இரண்டு நடுவர்களில் ஒருவர் இரு கையையும் உயர்த்தி டச்டவுன், அதாவது சியாட்டிலுக்குப் புள்ளி, என்றார்; அதே நொடியில் மற்றவர் கையைத் தலைக்கு மேல் குறுக்காக வீசிக் கடிகாரத்தை நிறுத்தும் சைகை காட்டினார். டச்டவுன் நின்றது; 14-12. இரண்டே நாளில் பழைய நடுவர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. அந்த ஆட்டத்தின் முடிவு மாறவில்லை.

ஊர்ப் பணத்தையும் சொல்லாமல் விட முடியாது. பஃபலோ அணியின் புதிய மைதானத்துக்கு நியூயார்க் மாநிலம் 60 கோடி டாலர், ஈரி கவுண்டி 25 கோடி. லாஸ் வேகஸில் ஹோட்டல் அறை வரியிலிருந்து 75 கோடி. நாஷ்வில்லில் மாநிலமும் நகரமும் சேர்ந்து 126 கோடி. இந்த மைதானங்களில் வாகனம் ஒதுக்குபவர், தின்பண்டம் விற்பவர், இருக்கை காட்டுபவர் எல்லாம் ஆட்ட நாளுக்கு ஆட்ட நாள் மணிக்கூலி வாங்குகிறவர்கள். வருடத்துக்குப் பத்தே நாள். ஓர் ஆட்டம் ரத்தானால் அவர்கள் வருடக் கூலியில் பத்தில் ஒரு பங்கு போகிறது. பேச்சு மேசையில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. கதவடைப்பால் ரத்தாகும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவர்களின் அன்றைய கூலியை அணி தர வேண்டும் என்ற பிரிவை மைதானக் குத்தகையில் சேர்க்குமாறு இந்த ஊர் மன்றங்களையும் கேட்கவிருக்கிறோம்.

சங்கத்திடம் இன்னும் ஒன்று. 2020 ஒப்பந்தம் 1,019-க்கு 959 என்ற வாக்கில்தான் நிறைவேறியது. அறுபது வாக்கு வித்தியாசம். 17-ஆவது ஆட்டத்தைக் கொடுத்து, வருமானப் பங்கில் 47 சதவீதத்தை 48 ஆக்கிய பேரம் அது. வாக்களித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஏற்காத ஒப்பந்தத்தோடு இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறீர்கள். 18-ஆவது ஆட்டத்துக்கு உங்கள் சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதை விற்பதா வேண்டாமா என்பதை உறுப்பினர்களிடம் தனியாக வாக்கெடுப்பு வைத்துக் கேளுங்கள். கடைசி வார இழுபறியில் சில்லறையாகத் தூக்கிப் போடாதீர்கள். 2011-க்கு முன்பு நீங்கள் உறுப்பினர்களைச் சேமிக்கச் சொன்னது நல்ல காரியம். அதை இப்போதே, குறைந்தபட்சச் சம்பளக்காரர்களிடமிருந்து தொடங்குங்கள். வாடகை கொடுக்க முடியாமல் தவிக்கிறவர் கொடுப்பதை வாங்கிக்கொள்வார்.

டி.வி. நிபந்தனை பற்றி லீக்கின் பதிலை, புதிய ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடும் முன் எதிர்பார்க்கிறோம். டிக்கெட் பணத் தனிக் கணக்குப் பற்றிய வாசகத்தை ஒவ்வொரு அணியும் 2030 சீசனுக்கான பில்லோடு சேர்த்து அனுப்பட்டும். அது இல்லாமல் வரும் பில்லில், அடுத்த வருடப் பணம் எங்கே வைக்கப்படும் என்று எழுத்தில் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம்.

இப்படிக்கு,
சீசன் டிக்கெட் எடுக்கும் ரசிகர்கள்